எஞ்சினுக்குக் கட்டிய பரிவட்டம்

மகனே செல்வம்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உன் கை இதைக் கிழிக்கத்தான் போகும். கிழி, வேண்டாமென்று சொல்லவில்லை. படித்துவிட்டுக் கிழி. எட்டு வருஷமாக நீ பூனாவிலிருந்து இந்த வீட்டுக்கு எழுதிய கடிதங்களெல்லாம் 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று தொடங்கி, வீட்டில் வேறு ஆளே இல்லாதது போல முடிந்தன. உன் அம்மா அவற்றை அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். நான் முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு கேட்பேன். அந்த எட்டு வருஷத்துப் பேப்பரில் ஒரு வரிகூட என் தலையில் ஏறியதில்லை. நாட்டில் எந்த ராஜா ஆள்கிறார் என்று யாராவது கேட்டால் திருமலை நாயக்கர் என்றுதான் சொல்வேன். போன வாரம் வந்த கடிதத்தில், கல்யாணம் திண்டுக்கல்லில், பெண் வீட்டார் ஊரில் என்று எழுதிவிட்டு, அப்பா வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்று ஒரு வரி போட்டிருந்தாய். அந்த வரியை உன் அம்மா இரண்டு முறை படித்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு.

"கேட்டுச்சா?" என்றாள்.

"எது?" என்றேன்.

"ஆமா, காது மட்டும் மொறத்துக்குப் பாதி இருக்கு. கேட்டுச்சான்னா கேக்கலைங்கும்."

கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதத் தெரியும். அது நம் லாரியின் எஞ்சின். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு எஞ்சினைப் பற்றி எழுதுகிற தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொறுத்துக்கொள், கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்பேன்.

அந்த எஞ்சினின் பிரதாபத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. உலக யுத்தத்துக்காகக் கடல் தாண்டி வந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகளில் ஒன்று. மூன்று கை மாறி என்னிடம் வந்தது. ஆறு சிலிண்டர், பெட்ரோல். அதை முதல் முறை ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பிய நாளில் யானைமலை புரண்டு படுத்ததென்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீயும் சின்ன வயதில் நம்பியிருக்கிறாய். பெட்ரோல் குடிப்பதில் அவன் ஜமீன்தார். வைகையில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் ஓடியிருந்தால், அழகர் இறங்குவதற்கு முன்னாலேயே ஒரே மூச்சில் உறிஞ்சி மணலைக் காட்டியிருப்பான். அதனால்தான் அவனுக்கு 'ஜமீன்' என்று பெயர் வைத்தோம். 

ஆனால் செய்தவன் புத்திசாலி. வால்வுகளைத் தலைக்கு மேல் ஏற்றாமல் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தான். மேலே இருப்பது வெறும் இரும்பு மூடி. நட்டுகளைக் கழற்றினால் தோசைக்கல்லைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிடலாம். கரியைச் சுரண்டி, பசை போட்டு வால்வைத் தேய்த்து, சாயங்காலத்துக்குள் மூடிவிடலாம். அழுத்தம் குறைவு, அதனால் கலப்படப் பெட்ரோலுக்கும் கோபித்துக்கொள்ள மாட்டான். பொறி விடுகிற பாயிண்ட் தேய்ந்துவிட்டால் தீப்பெட்டியின் ஓரத்தில் உரசி, தபால் அட்டையை இடையில் விட்டு இடைவெளி பார்த்துவிட்டு ஓட்டியிருக்கிறோம். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அப்போது பம்பின் மேல் ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டு, காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போட்டவர்கள் மாதிரி இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இறங்கட்டும், இறங்கட்டும் என்று. அந்த அரை மணி நேரங்களில்தான் நீ என்னிடம் பேசியிருக்கிறாய். மற்ற நேரமெல்லாம் நான் பேசினேன்.

பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல உனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். கறுப்பென்றால் பெட்ரோல் கூடுதல், வெள்ளையென்றால் சூடு அதிகம், காப்பிப்பொடி நிறமென்றால் சுகம். எனக்கு அது வர இருபது வருஷமானது. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததாக.

பிறகு பெட்ரோல் விலை ஏறிய வருஷம் வந்தது. திருமங்கலம் லாரி ஸ்டாண்டில் ஒவ்வொருவராக எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். நான் மாட்டவில்லை. முதலில் காசில்லை, அப்புறம் வீம்பு. காலையில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் போதும்.

"என்ன மாப்ள, ஒங்க ஜமீன் இன்னைக்கு எம்புட்டுக் குடிச்சாரு?"

"குடிச்சா என்னடா, அவன் பரம்பரைக் குடிகாரன். ஒங்க டீசல் மாதிரி எந்நேரமும் லொடலொடன்னு பொலம்பிக்கிட்டா இருக்கான்?"

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எரிந்து விழுவேன். நாலு பேருக்கு முன்னால் சிரிக்கிறவன் வீட்டில் என்ன செய்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. உன் கல்யாணத்துக்குப் பிறகு இதில் ஒரு கண் வை. என் மூக்கும் என் வாயும் உனக்கு வந்திருக்கிறது, இதுவும் வந்திருக்கலாம்.

அந்த வருஷம்தான் ஜமீனுக்குப் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துபோயின. மேலே வெடிக்கிற புகையில் கொஞ்சம் வளையத்தைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்கத் தொடங்கியது. இறங்கியது வெளியே போக ஒரே வழிதான். ஆயில் ஊற்றுகிற வாயின் மேல் உருண்டையாக ஒரு மூடி, அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள். கோரிப்பாளையத்தில் சையது பாயின் பட்டறையில், நீயும் நானும் நிற்க, பாய் அந்த மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புகை விரலிடுக்கில் குபுகுபுவென்று வந்தது.

"வளையம் பூராப் போச்சுண்ணே. பிரிச்சு மாத்திரணும்."

"தீபாவளி லோடு இருக்கு பாய். அப்பறம் பாப்போம்."

"சரி, ஒங்க இஷ்டம். ஆனா இந்த மூடிய மட்டும் அடைச்சிராதீங்க. கெழவன் இது வழியாத்தான் மூச்சு விடுறான். அடைச்சீங்க, அடித்தொட்டி இடுக்குல வச்சிருக்க பேக்கிங்கப் பிதுக்கிக்கிட்டு ஆயில் பூரா வெளிய போயிரும். அப்பறம் என்னைய ஏசாதீங்க."

நீ தலையாட்டினாய். நானும் ஆட்டினேன். பாய் சொன்ன இன்னொன்று, ஆயில் அழுத்தம் காட்டுகிற மீட்டரை மாற்றச் சொன்னது. முள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 'ஜமீனுக்கு எதுக்கு மீட்டரு, அவனே வாயத் தொறந்து சொல்லுவான்' என்றேன். இந்த வாய்க்கொழுப்புக்கு அன்றைக்குப் பட்டறையில் நல்ல சிரிப்புக் கிடைத்தது.

பத்து நாளில் ஆயுத பூஜை. எல்லோரும் டீசல் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறார்கள், நான் ஜமீனுக்குப் பட்டாபிஷேகமே செய்துவிடுவதென்று முடிவு கட்டினேன். நம் ஆனையூர் முழுக்கக் கண் வைக்க வேண்டும் என்று ஆசை. வாழைக்கன்று, பூசணிக்காய், நாலு முழம் இல்லை நாற்பது முழம் மாலை. பானெட்டைத் திறந்து, எஞ்சினைத் துடைத்து, கிண்ணம் கிண்ணமாகச் சந்தனம் அப்பினேன். அந்த உருண்டை மூடியைப் பார்த்தால் மொட்டையடித்த தலை மாதிரியே இருந்தது. தலை என்றால் பரிவட்டம் வேண்டாமா? கோயிலில் பெரிய மனிதர்களுக்கு நெற்றியைச் சுற்றிக் கட்டி மரியாதை செய்கிறார்களே, அதே மாதிரி, ஓரத்தில் ஜரிகை வைத்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, அந்த மூடியின் விளிம்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தேன். அதன் மேலும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். எனக்கு ஒரு நாளும் யாரும் பரிவட்டம் கட்டியதில்லை. அதை அப்போது நினைக்கவில்லை, இப்போது நினைக்கிறேன்.

நீ பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாய்.

"அப்பா, இந்த மூடிய அடைக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாருல்ல?"

"அடைக்கலடா, மரியாத பண்ணியிருக்கேன்."

"வண்டி எடுக்கும்போதாச்சும் அவுத்துரலாம்ப்பா."

"கட்டுன பரிவட்டத்த அவுப்பாங்களாடா? தொட்டேன்னா கை வெளங்காது. பொங்க வரைக்கும் கெடக்கட்டும்."

நீ தொடவில்லை. இருபது வயதுப் பிள்ளை, லைசன்ஸ் வாங்கி ஒரு வருஷம், தகப்பன் சொன்னதற்காகத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை முதல் லோடு. திருமங்கலத்தில் வெங்காயம் ஏற்ற வேண்டும். நான் முன்னாடியே பஸ்ஸில் போய் வியாபாரியைப் பார்ப்பது, நீ காலி வண்டியை எடுத்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. நான் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நீ பானெட்டைத் திறந்து, ஆயில் அளவுக் கம்பியை உருவி, உள்ளே ஆணியில் நீ மாட்டி வைத்திருக்கும் துணியால் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். அளவு சரியாக இருந்ததால் தலையை ஆட்டிக்கொண்டாய். ஒவ்வொரு காலையும் செய்கிறதுதான். நான் பார்த்தேன். செல்வம், கவனித்துப் படி: நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு டீக்கடை பெஞ்சில் நான், வெங்காய வியாபாரி, டீசல்காரர்கள் நாலைந்து பேர். தூரத்தில் ஜமீன் வருவது தெரிந்தது. 'வாராரு பாருங்க பட்டத்து ராஜா' என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பது போல ஒரு சத்தம். நீ உடனே எஞ்சினை அணைத்துவிட்டாய். அந்தப் புத்தி எனக்கிருந்திருக்காது. வண்டி உருண்டு வந்து ஸ்டாண்டுக்கு நூறு அடி தள்ளி நின்றது. அடியில் ஒரு சொட்டு ஆயில் மிச்சமில்லை. முனிசிபாலிட்டிக்காரன் கோடு போட்டது போல ரோட்டின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு, கண்ணுக்கு எட்டின மட்டும்.

ஒரு டீசல்காரன், "முடிஞ்சது, ஜமீன ஒழிச்சாச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். நீ இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆணியில் கிடந்த துணியோடு வந்துகொண்டிருந்தாய்.

"ஆயில் பாக்காம வண்டிய எடுத்துட்டு வந்திருக்கியே, ஒனக்கெல்லாம் எவன்டா லைசன்ஸ் குடுத்தான்?"

"பாத்தேன்ப்பா."

"பொய் சொல்லாதடா நாயே! பாத்திருந்தா இப்படி ஆகுமா?"

நீ கையில் இருந்த துணியை நீட்டினாய். காலையில் துடைத்த ஆயில் அதில் இன்னும் ஈரமாக இருந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன். அது டீக்கடை வாளிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தாய். பிறகு மறுபடி என்னை. எனக்கு அப்போதே தெரியும், உனக்கும் தெரியும். 'நீங்க கட்டுன பரிவட்டம்தாம்ப்பா' என்று ஒரே ஒரு வரி நீ சொல்லியிருந்தால், அந்த ஸ்டாண்டு இன்று வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கும். நீ சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல், பொய்யன் என்ற பேரை வாங்கிக்கொண்டு, சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு எதிரே வந்த பஸ்ஸில் ஏறினாய். ஒரு வாரத்தில் பூனாவுக்கு ரயில் ஏறினாய். குமாஸ்தா வேலை பார்க்கிறாய். இந்த எட்டு வருஷத்தில் ஒரு ஸ்பேனரைத் தொட்டதில்லை என்று உன் அம்மாதான் சொன்னாள்.

மத்தியானம் சையது பாய் வந்தார். பானெட்டுக்குள் தலையை விட்டார். சந்தனம் வெந்து செங்கல் மாதிரி இறுகியிருந்தது. தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள். முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பேக்கிங் பழசுண்ணே, பிதுங்கிருச்சு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஆக அன்று ஒரே நாளில் இரண்டு பேர் என் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஒருவரை நாய் என்றேன். மற்றவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கிராங்க்கைக் கடைந்து, பேரிங் மாற்றி, பாய் இரண்டு மாதத்தில் ஜமீனை எழுப்பிவிட்டார். அவ்வளவு தாங்கும் இரும்பு அது. அப்புறமும் செங்கல், மணல் என்று பக்கத்து லோடாக ஓடினான். போன வருஷம் எனக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது; ஹேண்டில் சுற்ற முடியவில்லை. வாசலில் நிறுத்திவிட்டேன். இப்போது நான் பஸ் படிக்கட்டில் ஏறினால் கண்டக்டர் விசிலை ஊதாமல் காத்திருக்கிறான். அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு இந்தப் பிறவியில் பாக்கியில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கோரிப்பாளையம் போய்ப் பாயிடம் உன் கல்யாணத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உள்ளே போய்ப் பழைய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். அந்த மஞ்சள் துணி. மஞ்சள் எது, ஆயில் எது என்று தெரியவில்லை. ஜரிகை மட்டும் ஒரு ஓரத்தில் மினுங்கியது.

"இந்தாங்கண்ணே, ஒங்க பரிவட்டம். எட்டு வருசமா நான் பத்திரமா வச்சிருந்தேன். இனி என்னால முடியாது."

"தூக்கிப் போட்டிருக்கலாமே பாய்."

"போட்டிருக்கலாம். ஆனா அந்தப் பய ஒரு நா வந்து 'பாய், நான் ஆயில் பாத்தேன்'னு சொன்னா, நான் அவனுக்கு எதக் காட்டுவேன்? சாட்சி சொல்ல நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்."

எதிர்வாதம் செய்யாமல் துணியை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நானா என்று ஆச்சரியப்படாதே. பாய்க்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நாலு பேருக்கு முன்னால் சொன்னதை நாலு பேருக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். ஆகவே இதுவரை எழுதியதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்று காலை திருமங்கலம் டீக்கடைக்குப் போனேன். வாசித்தேன், வாய்விட்டு. 'நான் என் கண்ணால் பார்த்தேன்' என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். வியாபாரி போன வருஷம் காலமாகிவிட்டாராம். ஒரு டீசல்காரருக்குக் காது கேட்கவில்லை, நான் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறேன் என்று நினைத்து "ரொம்ப சந்தோசம், ரொம்ப சந்தோசம்" என்றார். இன்னொருவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த வண்டிண்ணே? ஒங்க வண்டி ரோட்டுல நின்னுச்சா? எனக்கு நெனப்பில்லையே."

டீ மாஸ்டர், "டீ ஆறுதுண்ணே, குடிச்சிட்டுப் படிங்க" என்றார்.

அவ்வளவுதான். யாருக்கும் ஞாபகமில்லை. இந்த ஊர் என்ன நினைக்குமோ என்றுதான் பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்கினேன். அந்த ஊர் அதை அன்று மத்தியானச் சோற்றோடு மறந்துவிட்டிருக்கிறது. எட்டு வருஷமாக அதைச் சுமந்தது நீ, நான், ஒரு டப்பாவோடு பாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவ்வளவு களைப்பு எனக்கு எந்த லோடிலும் வந்ததில்லை.

வாழப் போகிற பிள்ளைக்குப் பெரிதாகப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும். வருகிற பெண் 'இதை அவுத்துரலாமே' என்று எதைச் சொன்னாலும், அது எவ்வளவு ஜரிகை வைத்துக் கட்டியதாக இருந்தாலும், அவள் சொன்ன அன்றைக்கே அவிழ்த்துப் பார்.

நீ கல்யாணத்துக்கு வரும் ரயில் திண்டுக்கல்லைத் தாண்டி மதுரைக்குத்தான் வருகிறது. திண்டுக்கல்லில் இறங்காமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் குற்றமில்லை, உன் அம்மா பஸ்ஸில் வருவாள், நான் வீட்டில் பேப்பர் படிப்பேன். முடிந்தால், ஜமீன் வாசலில் நிற்கிறான். பாய் புது வளையம் போட்டுவிட்டார், புது மீட்டரும். அந்தப் பரிவட்டத்தை உன் அம்மா சோடா போட்டு அவித்துத் துவைத்தாள்; கறை போகவில்லை. பானெட்டுக்குள் உன் ஆணி எட்டு வருஷமாகக் காலியாக இருந்தது. அதில் தொங்கவிட்டிருக்கிறேன், நீ கம்பியைத் துடைத்துக்கொள்ள.

ஆயில் ஊற்றியாகிவிட்டது. அளவு நான் பார்க்கவில்லை. நீ பார்த்துச் சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

அப்பா